நாலாம் நம்பர் வீட்டுத் தட்டுமுட்டுகள்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அம்மாவுக்கு இன்லண்ட் லெட்டரும் கடைக்குக் கொடுத்துவிடும் சாமான் சீட்டும்தான். நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எங்கள் வீட்டிலேயே 'ஊமச்சி' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவள் இன்னொருத்தியைப் பற்றி எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அவளைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பெயரை மட்டும் போடவில்லை. கேட்காமல் ஒன்றை எடுத்துப் புழங்குவது அவளுக்குப் பிடிக்காது. அது பெயராக இருந்தாலும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி கோவில்பட்டிக்கு வந்த புதிது. எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரே வரிசையில் ஆறு வீடுகள், நடுவில் முற்றம், எல்லோருக்கும் ஒரு குழாய். எங்களுக்கு மூன்றாம் நம்பர். அவளுக்கு நாலு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என்னைவிடச் சில வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். நாகலாபுரம் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் ஆந்திராவில் ஒரு முறுக்குக் கடையில் மாஸ்டர், தீபாவளி முடிந்துதான் ஊருக்கு வருவார். பிள்ளை இல்லை. புதியம்புத்தூரிலிருந்து வெட்டின துணி கட்டுக்கட்டாக வரும். அவள் அதைப் பாவாடை சட்டையாகவும் நைட்டியாகவும் தைத்துத் திருப்பி அனுப்புவாள்.

அவள் குடிவந்த அன்றைக்கு நடந்ததை எங்கள் காம்பவுண்டில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். ஓனர் அண்ணாச்சி சாவியைக் கொடுக்க வந்திருந்தார். மார்க்கெட்டில் பருப்புக்கடை வைத்திருப்பவர். சாவியை வாங்கியதும் அவள் அவரை உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொரு சுவராகக் காட்டினாள்.

"அண்ணாச்சி, இந்தக் கீறலப் பாத்துக்கிடுங்க. இது நான் வாரதுக்கு முன்னாலயே இருக்கு. இந்தா, ஜன்னலுக்குக் கீழ ஒண்ணு. இதயும் பாத்துக்கிடுங்க."

"கரிசல் மண்ணும்மா. கோடையில பூமி வெடிக்கும், செவுரும் சேந்து வெடிக்கும். அதுக்கு ஒன்னய யாரு கேக்கப்போறா?"

"கேக்க மாட்டீங்க. இருந்தாலும் பாத்துக்கிடுங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் ஓர் ஆணி அடிக்கவில்லை. காலண்டரை ஜன்னல் கம்பியில் நூல் போட்டுக் கட்டியிருந்தாள். சாமி படங்கள் டிரங்குப் பெட்டியின் மேல் நிற்கும். கொடிக்கயிறு ஜன்னலிலிருந்து கதவுத் தாழ்ப்பாளுக்குப் போகும். கதவைச் சாத்தும்போது அவிழ்த்துவிடுவாள். முற்றத்தில் நாங்கள் எல்லோரும் கையகல இடத்தைக் கொத்தி ஏதாவது நட்டுவைத்திருந்தோம். அவளுடைய செம்பருத்தி மட்டும் எண்ணெய் டின்னில் நின்றது.

"தரையில வைங்கக்கா, நல்லா வேர் விடும்" என்றேன் ஒருநாள்.

"வேர் விட்டா பொறவு யாருது அது? தரை அவியளுக்குள்ளது. செடி எனக்குள்ளது. கலந்துட்டா பிரிக்க முடியாதுட்டி."

எனக்குள்ளது, அவியளுக்குள்ளது; அதாவது என்னுடையது, அவர்களுடையது. இந்த இரண்டு வார்த்தைகளையும் அவள் சொல்லாத நாளே கிடையாது. உறைமோருக்கு ஒரு கரண்டி வாங்கினால் மறுநாள் ஒரு கரண்டி திரும்பி வரும். நாம் வேண்டாமென்றாலும் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அதேபோல அவளிடம் ஊசி வாங்கினால் அந்த ஊசி திரும்பிப் போயாக வேண்டும். தைத்து மீந்த துண்டுத் துணியைக்கூட ஒரு பையில் சேர்த்துவைத்து, வேன் வரும்போது கொடுத்தனுப்புவாள். வேன்காரர் அதை ரோட்டு முனையில் எறிந்துவிட்டுப் போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவளும் பார்த்திருக்கிறாள். "அது அவிய பாடு" என்பாள்.

இரண்டாம் நம்பரில் மில் தொழிலாளி ஒருவரின் சம்சாரம் இருந்தாள். எல்லோருக்கும் அவள் மதினி. வாய் கொஞ்சம் நீளம்.

"நாலாம் நம்பருக்காரி நிழலு எங்க செவுத்துல விழுந்துச்சுன்னா, சாயங்காலம் வந்து சுருட்டி எடுத்துட்டுப் போயிருவா" என்று குழாயடியில் அக்கா காது கேட்கவே சொல்வாள்.

"நீங்க பத்திரமா எடுத்து வைங்க மதினி, நான் வந்து வாங்கிக்கிடுதேன்" என்பாள் அக்கா. முகத்தில் சிரிப்பு இருக்காது. அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று கண்டுபிடிப்பதே எனக்குப் பெரிய பொழுதுபோக்காக இருந்தது.

என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் நான் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் மெஷினில் இருப்பாள். நான் கீழே உட்கார்ந்து கொக்கி வைத்துத் தைப்பேன். பேசுவது கொஞ்சம்தான். அவளோடு இருக்கும்போது பேசாமல் இருப்பது ஒரு குறையாகவே தெரியாது. பேசாதவளை ஊமச்சி என்று சொல்லாத ஒரே ஆள் அவள். என் வீட்டில் இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அது நின்றால் அவள் நூல் மாற்றுகிறாள் என்று அர்த்தம். ரொம்ப நேரம் நின்றால் நான் எழுந்துபோய்ப் பார்ப்பேன்.

ஏன் இப்படி இருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. அவளாகவே ஒரு மத்தியானம் சொன்னாள். அப்போது கரண்ட் போயிருந்தது. மெஷின் காலால் மிதிப்பதுதான் என்றாலும், உள்ளே வெளிச்சம் போதாமல் நிறுத்திவிட்டு வாசல் பக்கம் வந்து உட்கார்ந்தோம்.

இங்கே வருவதற்கு முன்னால் ஊரின் வேறொரு ஓரத்தில் வாடகைக்கு இருந்தாளாம். பக்கத்துச் சுவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் குடோன். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்யும் இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஒருநாள் குடோனில் தீப்பிடித்து, இவள் வீட்டுக் கூரைக்கு வந்துவிட்டது. அவள் அப்போது ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருக்கிறாள். ஆளுக்கு ஆபத்தில்லை. வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா சீராகக் கொடுத்த பித்தளைத் தவலை உருகித் தரையோடு ஒட்டிக் கிடந்ததாம்.

"ரெண்டு நாளு கழிச்சு அந்த ஓனரு இன்சூரன்ஸ் ஆளுகளக் கூட்டிட்டு வந்தாவ. செவுர அளந்தாவ, கூரைய அளந்தாவ, எல்லாத்தயும் எழுதுனாவ. நானும் பக்கத்துல நின்னேன். எனக்கும் ஏதாச்சும் உண்டா அண்ணாச்சின்னு கேட்டேன். 'ஒனக்கு என்ன தாயி போச்சு, ரெண்டு சட்டிபானைதான'ன்னுட்டாவ."

சேலையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அவிய சொன்னதும் நெசந்தான் பாத்துக்கோ. எரிஞ்ச பொறவு, அங்கன ஒரு குத்துவிளக்கு இருந்துச்சு, ஒரு ரேடியோ இருந்துச்சுன்னு நான் சொன்னா யாரு நம்புவா? என் வீட்டுக்குள்ள வந்து பாத்தவியளே கெடையாது. இருந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆளு வேணுமில்லா?"

கரண்ட் வந்தது. உள்ளே போய்விட்டாள்.

இதற்குச் சில மாதம் கழித்து என் வீட்டுக்காரருக்கு ஆயுள் இன்சூரன்ஸ் போட ஏஜெண்ட் ஒருவர் வந்திருந்தார். அக்கா மோர்ச்சொம்பைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போகும்போது மறித்தாள்.

"சார், ஆளு போனா குடுப்பீங்க. சாமான் போனா?"

"அது வேற கம்பெனிம்மா. எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு. ஆனா எல்லாரும் வீட்டுக்குத்தான் போடுவாங்க."

"வீடு எனக்குள்ளது இல்ல. வாடகை."

"வாடகை வீட்டுலயும் உள்ள இருக்க சாமானுக்கு மட்டும் தனியாப் போடலாம்மா. வீடு உங்களுதா இருக்கணும்னு இல்ல."

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றாள். அவர் இன்னொரு தடவை சொன்னார். அக்கா சொம்பை என்னிடம் கொடுக்காமலே திரும்பிப் போனாள். அவள் ஒன்றைக் கொடுக்க மறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் ஓடிவந்து கொடுத்தாள்.

பக்கத்துத் தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் இருந்ததால், தூத்துக்குடி கம்பெனி ஆபீஸிலிருந்து ஆபீசர் ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவார் என்று எங்கள் வீட்டுக்கு வந்தவர் அனுப்பிவைத்த இன்னொரு கம்பெனி ஏஜெண்ட் சொல்லிவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாக ஏற்பாடு.

இங்கே எங்கள் காம்பவுண்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் மற்ற வீடுகளின் நல்ல சாமான்கள் அங்கே போய்விடும். மதினியின் கலர் டி.வி. அப்படி மூன்று கல்யாணங்களை முடித்துவைத்திருந்தது. ஆறாம் நம்பர் பெரியம்மாவின் கிரைண்டரும் எல்லா வீட்டு அடுப்படியிலும் உட்கார்ந்து பெருமை சேர்த்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் போனதும் எல்லாம் அவரவர் வீடு திரும்பும். இதில் யாருக்கும் தப்பாகத் தோன்றியதில்லை. வருகிறவர் கண்ணுக்கு வீடு நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீசரை வழிகாட்டிக் கூட்டிவர அக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். சாவி வழக்கம்போல என்னிடம் இருந்தது. அவள் தலை மறைந்ததும் மதினி வந்தாள்.

"ஏட்டி, சாவியக் குடு. ஆபீசரு வந்து மொட்டை வீட்டப் பாத்தா என்ன நெனப்பாரு? கம்பெனி மதிக்க வேண்டாமா?"

"அக்கா ஏசும் மதினி" என்றேன்.

"ஏசுனா வாங்கிக்கிடுவோம்."

அரை மணி நேரத்தில் நாலாம் நம்பர் வீடு மாறிவிட்டது. நடுவில் ஸ்டூல் போட்டு டி.வி. அதன் மேல் பூ வேலை செய்த துணி. அடுப்படியில் கிரைண்டர். என் கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாட்டுவதற்கு ஆணி இல்லாததால் அது தரையில் சுவரில் சாய்ந்து நின்று மணி காட்டியது.

அக்கா ஆபீசரோடும் ஏஜெண்டோடும் உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆபீசர் இளவயது. வந்த வேகத்தில் பேனாவை எடுத்துவிட்டார்.

"பரவாயில்லம்மா, நல்லா வச்சிருக்கீங்க. டி.வி. ஒண்ணு. கலர்தானே?"

"சார், இது வந்து..." என்று ஆரம்பித்தாள் அக்கா. பின்னால் நின்ற மதினி அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

ஆபீசர் நல்ல மனிதர். படிக்காத பெண்கள் என்று நினைத்து விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். "அதாவதும்மா, இப்ப தீப்பிடிச்சு இந்த டி.வி. முழுசா எரிஞ்சுபோச்சுன்னு வச்சுக்குவோம்..."

"எதுக்கு சார் எரியணும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கேட்டது மதினி.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்ம்மா."

"பேச்சுக்குக்கூட ஏன் எரியணும்? செவ்வாக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வைக்கிற வீட்டுல வந்து எரியட்டும் எரியட்டும்ங்கீங்க! எங்க அண்ணன் துபாயிலேருந்து தலையில தூக்கிட்டு வராத கொறையா கொண்டுவந்தது சார் அது!"

"உங்க அண்ணனா? இது இவங்க டி.வி. இல்லையா?"

ஆறாம் நம்பர் பெரியம்மா நிலைமையைச் சரிசெய்ய முன்னால் வந்தாள். "அத விடுங்க சார். அவ ஒரு கூறு கெட்டவ. நீங்க கிரைண்டர எழுதுங்க."

"சரி. கிரைண்டர். இது திருட்டுப்போனா..."

"யாத்தீ! திருட்டுப்போகுமா? ஏ, ஆரு இருக்கா, இத ஒரு கை பிடிங்க. நான் என் வீட்டுக்குக் கொண்டு போயிருதேன்!"

அப்போதுதான் அக்கா சிரித்தாள். கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத சிரிப்பு. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏஜெண்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டூலிலிருந்து டி.வி. இறங்கியது, கிரைண்டர் வாசல் தாண்டியது. நான் மட்டும் என்னுடையதைக் கேட்காமல் நின்றேன். அக்காவே குனிந்து கடிகாரத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இந்தா, ஒம் மணி."

வீடு வெறிச்சென்று ஆனது. ஆபீசர் பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார். "என்னய்யா இது?" என்று ஏஜெண்டிடம் கேட்டார்.

"உக்காருங்க சார்" என்றாள் அக்கா. "இப்பத்தான் எனக்குள்ளது வெளிய தெரியுது. அத எழுதுங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். தையல் மெஷின். இரண்டு டிரங்குப் பெட்டிகள், உள்ளே இருந்த சேலைகள். மேஜை ஃபேன். பம்ப் ஸ்டவ். எவர்சில்வர் பாத்திரங்கள். வீட்டுக்காரர் போன வருஷம் விஜயவாடாவிலிருந்து வாங்கி வந்த சின்னக் குத்துவிளக்கு. அதைக் காட்டும்போது மட்டும் கையில் எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"விலை எல்லாத்துக்கும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாம்மா" என்றார் ஏஜெண்ட்.

"பழசுதான் சார். பழசுக்கு என்ன உண்டோ அதப் போடுங்க."

மூலையில் புதியம்புத்தூர்த் துணிக்கட்டு ஆள் உயரம் இருந்தது. அந்த வீட்டிலேயே பெரிய சாமான் அதுதான். "இதையும் சேர்க்கணும்ல?" என்று கேட்டார் ஆபீசர்.

"அது அவியளுக்குள்ளது. அவிய போட்டுக்கிடட்டும்."

ஆபீசர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சில் ஒரு மரியாதை வந்திருந்தது. காபி கொண்டுவந்து கொடுத்தபோது, "இந்த டம்ளர் எழுதியாச்சாம்மா?" என்று கேட்டார். "எழுதியாச்சு சார், பாத்துக் குடிங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் நானும் அவளும் கொக்கி வைத்துக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே சொன்னாள். "ஒம் மணி இருக்குல்லா, அத எடுத்துக் குடுக்கையில, இதயும் எழுதிருங்கன்னு சொல்லிருவோமான்னு ஒரு நிமிசம் வாய் வரைக்கும் வந்துருச்சுட்டி."

"சொல்லிருக்கலாமேக்கா."

"இதுவரைக்கும் எனக்கு அப்படித் தோணுனதே இல்ல" என்றாள்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கொக்கியைத் தப்பான பக்கம் வைத்துத் தைத்து, பிறகு பிரித்தேன்.

பாலிசி தபாலில் வந்தது. நீளமான பழுப்புக் கவர். உள்ளே ஆங்கிலத்தில் நிறைய இருந்தது. அவள் பெயரும் கதவு எண்ணும் தட்டச்சில் அடித்திருந்தது. அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "இங்கன இன்னாரு இருக்கா, அவளுக்கு இன்னின்னது இருக்குன்னு போட்டிருக்கு, என்னா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் இங்கிலீஷுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

மதினிக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பருப்புக் கடையில் நின்று, "நாலாம் நம்பருக்காரி பேருல இன்சூரன்ஸ் பேப்பரு வந்துருச்சு அண்ணாச்சி, கெவுருமெண்டு சீலு போட்டு" என்று பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்னால் ஓனர் அண்ணாச்சி காம்பவுண்டுக்கு வந்துவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அந்தப் பேப்பரக் காட்டும்மா."

காட்டினாள். கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"இது வீட்டுக்கு இல்ல அண்ணாச்சி. என் சாமானுக்கு."

"சாமான் எங்க இருக்கு? வீட்டுலதான இருக்கு? கதவு நம்பரு என்னுது, பேரு ஒன்னுதுல்லா போட்டிருக்கு?"

"அதுக்கு என்ன அண்ணாச்சி?"

"எங்க அண்ணன் வீட்டுல ஒருத்தன் வாடகைக்கு வந்தான். கரண்டு ரசீத அவன் பேருக்கு மாத்தினான். அத வச்சே கோர்ட்டுக்குப் போனான். எங்க அண்ணன் செத்தே போயிட்டாவ. அவன் இன்னும் அங்கனதான் இருக்கான்."

"நான் அப்படியாப்பட்ட ஆளா?"

"நீ இல்ல தாயி. செவுத்துல ஒரு ஆணி அடிச்சதில்ல நீ. ஒன்ன மாதிரி ஒரு குடித்தனம் எனக்குக் கெடைக்காது. ஆனா பேப்பரு பேப்பருதான். நாளைக்கு என் மக்க என்னய ஏசும். அத எங்கிட்டக் குடுத்துரு, இல்ல வேண்டாம்னு எழுதிப் போட்டுரு. பொறவு நீ நூறு வருசம் இரு. வாடகையக் கூட்டச் சொல்லிக் கேக்க மாட்டேன்."

காம்பவுண்டு முழுக்க வாசலில் நின்றது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அக்கா அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடிப்பு மாறாமல் மடித்தாள்.

"இது எனக்குள்ளது அண்ணாச்சி" என்றாள். "வீடு உங்களுக்குள்ளது. நான் காலி பண்ணிருதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மோர்ச்சொம்பைத் திருப்பிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். மெதுவாப் பாத்துப் போம்மா, அவசரம் இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவள் பின்னாலேயே உள்ளே போனேன். என் வாழ்க்கையில் நானாக வாய் திறந்து ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அந்தப் பேப்பரு போனாப் போகுதுக்கா. இங்கனயே இருங்க."

"குடுத்துட்டா மறுபடியும் ரெண்டு சட்டிபானைக்காரி ஆயிருவேன்" என்றாள். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து, நூலைக் கோத்துக்கொண்டே, "நீ இன்னொரு தடவ கேட்டா இருந்திருவேன். அதனால கேக்காதட்டி" என்றாள்.

நான் கேட்கவில்லை.

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. வேண்டிய இடத்திலெல்லாம் ஆணி அடித்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. ஒரு சத்தமும் வராது. மத்தியானத்தில் கையில் ஏதாவது வேலையாக இருக்கும்போது, அந்தப் பக்கம் மெஷின் ரொம்ப நேரமாக நின்றுவிட்டதே, எழுந்துபோய்ப் பார்ப்போம் என்று சில நாள் தோன்றும். எழுந்தும் இருக்கிறேன்.

ஒருமுறை கல்யாண வீடு ஒன்றுக்காகப் புதியம்புத்தூர் போனேன். அங்கேதான், துணி கொடுக்கிறவர்களின் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில், அவள் குடிபோனாள் என்று தெரியும். அதற்குள் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தாலி கட்டி முடிந்ததும் மெதுவாகத் தெருவுக்குள் நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மெஷின் சத்தம். முன்னால், பின்னால், மாடியில், எல்லா இடத்திலும். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டால் அவள் மிதிப்பது எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அங்கே எல்லாம் கரண்ட் மெஷின்கள். எல்லாம் ஒரே வேகத்தில் ஓடின. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்பதற்கு வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூட வந்தவர்கள் கூப்பிட்டார்கள்.

அவள் போன நாள் ஒரு வியாழக்கிழமை. துணி கொண்டுவரும் வேனிலேயே சாமான்கள் ஏறின. ஆபீசர் எழுதின அத்தனையும் முற்றத்தில் வரிசையாக நின்றபோது, ஒரு வேனுக்குப் பாதிகூட இல்லை. பாலிசிக் காகிதத்தை ரவிக்கைத் துணிக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வீடு மாறுகிறோம் என்று கம்பெனிக்குக் கடிதம் போட்டுவிட்டதாகச் சொன்னாள். மதினி டி.வி.யை ஓடவிட்டபடியே வந்து, ஒரு பொட்டலம் முறுக்கை வேனுக்குள் வைத்தாள். "முறுக்குக்காரருக்கே முறுக்கா மதினி?" என்றாள் அக்கா. மதினி அழுதுவிட்டாள்.

எல்லாம் ஏறின பிறகு வீட்டைக் கூட்டி, தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"உள்ள போயி ஒருதடவ பாத்துட்டு வா, எதயாச்சும் விட்டிருக்கேனான்னு."

போனேன். அடுப்படி, மூலைகள், ஜன்னல் மேடை. ஈரத்தரை. ஒரு நூல் துண்டாவது, ஒரு கொக்கியாவது கிடக்காதா என்று குனிந்துகூடப் பார்த்தேன். திரும்பி வந்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா."

"சரிட்டி. வாரேன்" என்றாள். வேன் முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேன் ரோட்டு முனையில் திரும்பும்வரை நான் சாவியோடு நின்றேன்.

மறுநாள் காலையில் ஓனர் அண்ணாச்சி வந்து சாவியை வாங்கிக்கொண்டு, கரண்ட் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டார். மத்தியானம் ஒரு வாத்தியார் குடும்பம் வந்து நாலாம் நம்பரைப் பார்த்தது. வாடகையைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் பால் காய்ச்சுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.